அடையாறு சம்பந்தியின் கிறுக்கல் கொட்டகை

1

போன வாரம் எங்கள் பேட்டை நூலகத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எங்கள் பேட்டை என்றால் இப்போது டொராண்டோ. மயிலாப்பூரை விட்டு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் 'எங்கள்' என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறது.

படத்தைப் பார்த்து ஏதோ ஓவிய வகுப்பு என்று புரிந்துகொண்டேன். மிச்சத்தை என் மருமகள் சுதா படித்துச் சொன்னாள். எதைச் செய்தாலும் அப்பழுக்கில்லாமல் செய்தாக வேண்டும் என்று தவிக்கிற பெரியவர்கள், சனிக்கிழமைதோறும் வந்து கன்னாபின்னாவென்று வரைந்து விளையாடி, அந்தத் தவிப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமாம்.

"நீங்க சேந்துக்கலாமேம்மா," என்றாள் சுதா. உதட்டில் சிரிப்பு இல்லை. கண்ணில் இருந்தது.

"அந்தக் கிளாஸ்ல நான் ஏற்கெனவே ஃபெயிலானவடி. அதுவும் உங்கம்மா கிட்ட."

சுதாவின் அம்மா பத்மா மாமி அடையாற்றில் இருக்கிறாள். என் சம்பந்தி. அவளைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுத வேண்டும் என்று பல நாளாக ஆசை. உட்கார்ந்தால் வேறு வார்த்தைகள்தான் வருகின்றன. இதைப் படிக்கிற மயிலாப்பூர்க்காரர்கள் தயவு செய்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

2

நான் மூணாம் கிளாஸோடு நின்றவள். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆனால் கோலத்தில் பிழை கிடையாது. பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை எச்சில் விழுங்குவதற்குள் போட்டு எழுந்துவிடுவேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவில் என் பிள்ளை ரவியின் வீட்டுக்குள் வந்தால் சுவருக்குச் சுவர் கம்பளம். வாசல்படியில் பாதி வருஷம் பனி. கோலத்துக்கு இடம் இல்லை என்று நான் மூக்கைச் சிந்தியதைப் பார்த்து ரவி ஒரு பலகைக்குக் கறுப்புச் சாயம் அடித்துக் கொடுத்தான். சுவாமி அலமாரிக்கு முன்னால் அதைப் போட்டு, சாக்கட்டியால் கோலம் போட்டு வந்தேன்.

பேத்தி அனுவுக்கு ஐந்து வயசானதும் அவளும் போட ஆரம்பித்தாள். காலையில் பள்ளிக்கூட பஸ் வருவதற்கு முன்னால் போடுவாள். புள்ளிக்கு இந்தப் பக்கம் வளைய வேண்டிய கோடு அந்தப் பக்கம் வளையும். ஒரு புள்ளி யாருக்கும் சொந்தமில்லாமல் ஓரமாக நிற்கும். அவள் பஸ் ஏறியதும் நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவள் போட்ட அதே கோலத்தை ஒழுங்காகப் போட்டு வைப்பேன். வீட்டுக்கு யாராவது வந்தால், "எங்க அனு போட்டது," என்பேன். அவர்கள் ஆச்சரியப்படுவார்கள். குழந்தைக்குப் பெருமை சேர்க்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அனு வரைவதை நிறுத்திவிட்டாளாம். எழுதச் சொன்னால் ஒரு எழுத்து எழுதி அழிக்கிறாளாம். அழித்து அழித்துக் காகிதம் கிழிகிறதாம். கடைசியில் வெள்ளைக் காகிதமாகவே கொடுத்துவிடுகிறாளாம். பலகையில் கோலம் போடுவதையும் அவள் அப்போது விட்டிருந்தாள். பெரியவள் ஆகிவிட்டாள், அலுத்திருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட்டு வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் ஃபாரம் வைத்திருந்தாள். வீட்டில் யார் யார், என்ன பாஷை, ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"வீட்டுல குழந்தையை யாராவது திருத்திண்டே இருக்காளான்னு கேக்கறாம்மா," என்றான் ரவி.

"ஒருத்தரும் இல்லேன்னு சொல்லு. செல்லம் குடுத்துத்தான் கெடுக்கறோம்னு சொல்லு."

ரவி முதல் பாதியை மட்டும் இங்கிலீஷில் சொன்னான். அவள் கட்டத்துக்குள் டிக் போட்டாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, டிக் தெரியும்.

செப்டம்பரிலும் வெள்ளைக் காகிதம்தான் என்றால் மூணாம் கிளாஸையே இன்னொரு தரம் படிக்க வேண்டும் என்றார்கள். நான் நின்ற கிளாஸ்.

சுதா அன்றைக்கே அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுதாள். அந்தப் பக்கத்திலிருந்து பத்மா மாமி, "லீவுக்கு இங்க அனுப்பு, நான் பாத்துக்கறேன்," என்றாளாம். மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர் மாதிரி.

ரவிக்கும் சுதாவுக்கும் லீவு இல்லை. நான் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். குழந்தையைத் தனியாக அவளிடம் விட்டுவிட்டு நான் இங்கே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா?

3

மெட்ராஸ் சென்னையாகிப் போன புதிது அது. நானும் அனுவும் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், என் தம்பி மணியின் வீட்டில் தங்கினோம். தரைத்தளத்து ஃபிளாட். வாசலில் நல்ல சிமென்ட் தரை. சனிக்கிழமை காலையில் ஆட்டோவில் அடையாற்றுக்குப் போவோம்.

பத்மா மாமி டிராயிங் டீச்சராக இருந்து ரிடையரானவள். முப்பது வருஷம் ஸ்கேல் வைத்துக் கோடு போடு, கோடு போடு என்று பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறாள். அதற்குப் பரிகாரமோ என்னவோ, வீட்டுக்காரர் போன பிறகு காரை விற்றுவிட்டு, அந்தக் கார் ஷெட்டில் இந்த வகுப்பை ஆரம்பித்தாள். பெயர் 'கிறுக்கல் கொட்டகை'. கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, புடவை முந்தானையில் நீலமும் சிவப்பும் அப்பிக்கொண்டு நிற்பாள். அந்த வயசில் அந்தக் கறை அவளுக்கு அழகாக வேறு இருந்தது.

வாசலில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே நுழைகிறவர்கள் ரப்பரையும் ஸ்கேலையும் அதில் போட்டுவிட வேண்டும். உள்ளே யாரும் "நன்னாருக்கு" என்று சொல்லக்கூடாது. "நன்னால்லை" என்றும் சொல்லக்கூடாது. யாராவது தப்புப் பண்ணினால் எல்லாரும் கை தட்ட வேண்டும். இதற்குப் பெரிய மனுஷர்களெல்லாம் வந்தார்கள். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பேங்க் ஆபீசர், மேஜை மேல் பேனா நேராக இல்லாவிட்டால் கையெழுத்தே வராதாம் அவருக்கு. திருவல்லிக்கேணியிலிருந்து ரஹீம் பாய் என்று ஒருவர், ஜரிகை வேலைக்காரர். ஊசி ஒரு நூல் தள்ளிப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பேங்க் ஆபீசர் தென்னந்துடைப்பத்தைச் சாயத்தில் தோய்த்துப் பழைய நியூஸ்பேப்பரில் விளாசினார். ரஹீம் பாய் வெண்டைக்காயை நறுக்கி முத்திரை குத்தினார். அனு எல்லாருக்கும் கை தட்டினாள், குதித்தாள், பத்மா மாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அடையார் பாட்டி, அடையார் பாட்டி, இங்க பாரேன்!"

அந்தப் பாட்டிக்கு ஊர்ப் பெயரெல்லாம் வைத்துக் கூப்பிடுகிறாள். நான் வெறும் பாட்டி. எட்டு வருஷம் மூக்கைத் துடைத்துவிட்டவள் வெறும் பாட்டி.

நான் உள்ளே போகவில்லை. ஷெட்டுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூன்று சனிக்கிழமை உட்கார்ந்திருந்தேன். கொசுக்கடி. திரும்பும்போது ஆட்டோவில் அனுவை நைசாகக் கிளறுவேன்.

"அடையார் பாட்டி ஆத்துல கொசு ஜாஸ்தி, இல்ல?"

"பரவாயில்ல."

"துடைப்பத்தால வரையறதெல்லாம் ஒரு வரைச்சலா?"

"ஃபன்னா இருக்கு பாட்டி."

"நீ என்ன வரைஞ்சே?"

அதற்கு மட்டும் பதில் வராது. சொல்லக்கூடாது என்று அங்கே கட்டளை போலிருக்கிறது, ரகசியம் வைத்துக்கொள்கிறார்கள் பாட்டியும் பேத்தியும் என்று எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

4

நாலாவது சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அனுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்மா மாமி ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல் எனக்கும் ஒரு காகிதம் கொடுத்தாள்.

"கண்ணை இறுக்க மூடிக்கோங்கோ. இடது கையால ஒரு யானை."

எல்லாரும் மூடிக்கொண்டார்கள். நானும்தான். இமை மட்டும் லேசாக ஒட்டாமல் இருந்தது. வரைந்து முடித்ததும் மாமி என் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"மாமி, கண்ணை மூடிண்டேளா?"

"பின்னே?"

"யானைக்குக் கால் நகமெல்லாம் வரிசையா இருக்கே!"

ஷெட் முழுக்கச் சிரிப்பு. பிறகு எல்லாரும் கை தட்டினார்கள்.

"தப்புப் பண்ணினாத்தானே தட்டணும்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"பொய் சொன்னேளே மாமி."

ரஹீம் பாய் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "நானும் மொத நாளு தொறந்துதாம்மா வச்சிருந்தேன்."

அனு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாசம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். விதி.

அடுத்த விளையாட்டு, ஆளுக்கு ஒன்று வரைந்து பக்கத்திலிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கெடுக்க வேண்டும். அனு தூரிகையை எடுத்தாள். வைத்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி எடுத்து ஒரு வட்டம் போட்டாள். முகமோ தோசையோ தெரியாது. இரண்டு முனையும் சேராமல் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு நின்றது. என்னிடம் தள்ளினாள்.

நான் கெடுக்கத்தான் தூரிகையை எடுத்தேன், சத்தியமாக. கை தானாகப் போய் அந்த இடைவெளியைச் சேர்த்துவிட்டது. போகிற போக்கில் கோணலாக இருந்த பக்கத்தையும் கொஞ்சம் உருட்டிவிட்டது.

அனு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்துலயும் பாட்டி இதான் பண்ணுவா," என்றாள்.

"என்ன பண்ணுவா கண்ணா?" என்றாள் பத்மா மாமி.

"நான் ஸ்கூலுக்குப் போனப்பறம் என் கோலத்தை அழிச்சுட்டு அவளே போடுவா. அப்பறம் எல்லார்கிட்டயும் அனு போட்டான்னு சொல்லுவா. நான் போட்டது ஒண்ணுமே கிடையாது."

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கார்த்தால கோணலா இருக்கும். சாயங்காலம் நேரா இருக்கும். நான் என்ன முட்டாளா?"

யாரும் கை தட்டவில்லை. பேங்க் ஆபீசர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். பத்மா மாமி குழந்தையின் தோளில் கை போட்டாள், குழந்தை அவள் மேல் சாய்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்து ஃபாரமும் டிக்கும் அப்போது என் கண் முன்னால் வந்தன. வெட்கமாக இருந்தது. வெட்கத்திலும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தோள் மேல் இருந்த அவள் கையை.

5

மறுநாள் நானே பத்மா மாமிக்கு ஃபோன் செய்தேன். சுதாவிடம் எதுவரை சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"சுதா கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை மாமி. சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்கோ," என்றாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்கோ. மூணு வாரமா அனு இங்க ஒரு கோடு போடலை. மத்தவாளுக்குக் கை தட்டிண்டு ஒப்பேத்தறா. நேத்திக்குத்தான் போட்டா. நீங்க பக்கத்துல உக்காந்த அன்னிக்கு."

ரகசியம் என்று நான் பொறாமைப்பட்டது இதற்குத்தானா! அவளாலும் முடியவில்லை. எனக்கு ஒரு பக்கம் கவலை. இன்னொரு பக்கம், சொன்னால் என்ன நினைப்பீர்களோ, ஜில்லென்று இருந்தது.

அனுவைக் கூப்பிட்டேன்.

"இனிமே உன் கோலத்துல நான் கை வைக்க மாட்டேன்."

"ஓகே."

"நம்பறியா?"

"இல்ல."

"சரி. நீ போடற வரைக்கும் நானும் போட மாட்டேன். கோலமாவு டப்பாவை வாசல்லயே வச்சுடறேன். உன் இஷ்டம்."

தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். வெள்ளைக்காரக் குலுக்கல்.

திங்கட்கிழமை காலையில் வாசலைத் தெளித்துப் பெருக்கினேன். டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். தம்பி மனைவி ஜெயா பதறினாள்.

"அக்கா, வாசல் வெறிச்சுனு இருக்கு! பாக்கறவா என்ன நினைப்பா?"

என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் சந்தில் விடிந்து வாசலில் கோலம் இல்லை என்றால் அந்த வீட்டில் திவசம், இல்லாவிட்டால் சாவு.

ஏழு மணிக்கு மேல்மாடி மாமா தோளில் துண்டோடு குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். மணியே கதவைத் திறந்தான். மணியைப் பார்த்ததும் அவருக்கு ஒரு குழப்பம். அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"ஒண்ணுமில்லை, சும்மாதான் வந்தேன்," என்று போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமையும் நான் போடவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறையக் காப்பி வந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்களே என்று அனுப்பியிருக்கிறார்கள். ஜெயா தலையில் அடித்துக்கொண்டாள். மணி இரண்டு டம்ளர் குடித்தான்.

"பாட்டி, எல்லாரும் ஏன் வரா?" என்று கேட்டாள் அனு.

"நம்மாத்துல யாரோ செத்துப் போயிட்டாளாம்."

"யாரு?"

"இன்னும் முடிவாகலை. நான்தான்னு பேசிக்கறா."

அனு சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்தாள்.

6

புதன்கிழமை காலையில் நான் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்து, ஜன்னலோரம் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனு எழுந்து வந்தாள். பல் தேய்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் டப்பாவைத் திறந்தாள்.

ஏழு புள்ளி. வரிசை தெருப்பக்கமாகச் சாய்ந்தது. மாவு ஒரு இடத்தில் கயிறாக விழுந்தது, ஒரு இடத்தில் விழவே இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளியை வளைக்காமல் தாண்டிப் போய்விட்டாள். "அனு, அந்தப் புள்ளி" என்று வாய் வரைக்கும் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கீரைக் கட்டு முழுவதையும் காம்போடு கிள்ளிப் போட்டுவிட்டேன். அன்றைக்கு மசியலில் நார் நாராக வந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பூக்காரி கன்னியம்மா கூடையோடு வந்தாள். இரண்டு நாளாகக் கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் போய்க்கொண்டிருந்தவள். நான் வெளியே வந்தேன்.

"இன்னா பெரிம்மா, ரெண்டு நாளா வாசலு காலியா கீது, யார்னா பூட்டாங்களோன்னு நெனச்சேன்." கீழே பார்த்தாள். "இன்னாது இது? கோழி கீழி மிதிச்சிகினு பூட்ச்சா? யாரு போட்டது?"

அனுவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான்தான்டி போட்டேன். வயசாச்சு, கை நடுங்கறது."

இந்த வாசலில், இந்தச் சந்தில், நான்! பத்மா மாமி இப்படி ஒரு பொய் சொல்லியிருப்பாளா என்று மனசுக்குள் அப்போதே ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன்.

"இல்ல!" என்று கத்தினாள் அனு. "நான் போட்டேன். இது என்னோடது. பாட்டிக்கு இப்படி வராது."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஆமா கண்ணு, உங்க பாட்டிக்கு இப்டி சுட்டுப் போட்டாலும் வராது," என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு முழம் எடுத்து அவள் தலையில் வைத்தாள்.

எனக்குக் கோலம் வராது என்று ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னவளை அப்படியே தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எட்டு வயசுக் குண்டு, என் இடுப்புக்குத் தாங்காது.

உடனே அடையாற்றுக்கு ஃபோன் போட்டேன். "எங்காத்து வாசல்ல போட்டா மாமி," என்றேன். கொட்டகையில் இல்லை என்பது விளங்க வேண்டும் என்பதற்காக, வாசல் என்பதை இன்னொரு தரமும் சொன்னேன்.

"நான் வந்து பாக்கலாமா?" என்றாள்.

"தாராளமா வாங்கோ. கோலத்து மேல ஸ்கூட்டர் ஏறறதுக்குள்ள வாங்கோ."

பள்ளிக்கூடத்துக் கவலை பிறகு செப்டம்பரில் தீர்ந்தது. காகிதத்தில் கோணலும் மாணலுமாக ஏதோ எழுதிக் கொடுத்தாள், நாலாம் கிளாஸுக்கு விட்டார்கள். அதைச் சுதா சொன்னால்தான் நன்றாக இருக்கும், அழுதுகொண்டே சொல்வாள்.

அன்றைக்கு அரை மணியில் ஆட்டோ வந்து நின்றது. பத்மா மாமி கொண்டைப் பென்சிலைக்கூட எடுக்காமல் அப்படியே வந்திருந்தாள். கோலத்துக்கு முன்னால் குனிந்து நின்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாதே, அவளுடைய சட்டம்தானே. அனு அவளைப் பார்த்து, "ஹாய் அடையார் பாட்டி," என்றாள். ஆனால் என் முந்தானையை விடவில்லை. மாமி நிமிர்ந்து அந்த முந்தானையைப் பார்த்தாள். அனுவின் விரல் அதைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்ததைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் ஒன்று வந்து போனது. கொட்டகைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது என் முகத்தில் இருந்ததே, அதேதான். எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"உள்ள வாங்கோ மாமி," என்றேன். முந்தானையை அனுவின் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு, அவளை மாமி பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினேன். ரொம்பத் தள்ளிவிடவில்லை, கொஞ்சம்தான்.